காற்றும் அலையும் மேல்கடலை எப்படிக் கலக்குகின்றன?

கேள்வி இதுதான்: காற்று வீசும்போது கடலின் மேற்பகுதியைக் கலக்குவது காற்றா, அலையா? அலை இரண்டு மடங்கு உயர்ந்தால் கலக்கமும் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போகுமா?

போகாது. அலையின் உயரத்தை வைத்து மட்டும் கலக்கத்தின் ஆழத்தைச் சொல்லிவிட முடியாது. காற்று கொடுக்கும் ஆற்றல் பல வழிகளில் கொந்தளிப்பாக, அதாவது ஒழுங்கற்ற சுழல்களாக, மாறுகிறது. ஒவ்வொரு வழிக்கும் எட்டும் ஆழம் வேறு. எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த ஆழத்தில் செலவாகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் அந்தக் கேள்வியைத் தவறவிடுவதால்தான் வருகின்றன.

முதலில் அலையைப் பார்ப்போம். 8 விநாடி அலைநேரமும் 1 மீட்டர் வீச்சும் (அதாவது முகட்டிலிருந்து பள்ளம் வரை 2 மீட்டர்) உள்ள ஓர் அலை ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளம் இருக்கும். அதன் கீழே மேற்பரப்பு நீர் விநாடிக்கு ஏறத்தாழ 80 செ.மீ. வேகத்தில் வட்டமடிக்கிறது. பார்க்கப் பெரிய வேகம்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்து நீர்த்துளிகள் எல்லாம் சேர்ந்தே வட்டமடித்து, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றன. மேலே இருக்கும் சூடான நீர் மேலேயே இருக்கிறது, கீழே இருக்கும் குளிர்ந்த நீர் கீழேயே இருக்கிறது. அடுக்குகள் ஏறி இறங்குகின்றன, கலப்பதில்லை. உண்மையில் கலக்கும் கொந்தளிப்பின் வேகம் விநாடிக்கு 1 அல்லது 2 செ.மீ.தான். நூறில் ஓரிரு பங்கான இந்த அசைவுதான் வெப்பத்தையும் உப்பையும் கரைந்த வாயுக்களையும் கீழே கொண்டுபோகிறது. (உடையாத அலையின் வட்ட ஓட்டமே கொந்தளிப்பாக மாறுமா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. மாறினாலும், கீழே சொல்லும் வழிகளுக்கு முன்னால் அதைச் சிறியதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.)

அடுத்தது காற்று. விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, இழுவைக் குணகம் சுமார் 0.0013. இவற்றை வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கினால், நீர்ப்பரப்பின் மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.15 நியூட்டன் தகைவு (பரப்பை இழுக்கும் விசை) கிடைக்கிறது. இதை நீரின் அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது விநாடிக்கு சுமார் 1.2 செ.மீ. இதற்கு உராய்வு வேகம் என்று பெயர். மேல்கடல் கொந்தளிப்பைப் பற்றிய ஏறக்குறைய எல்லாக் கணக்குகளும் இந்த ஒரே எண்ணில்தான் தொடங்குகின்றன. சுழல்கள் ஆற்றலைச் செலவழிக்கும் வீதம் இதன் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. காற்று இரட்டித்தால் தகைவு நான்கு மடங்குக்கும் சற்று மேலே போகும், கொந்தளிப்பில் ஆற்றல் செலவாகும் வீதமோ எட்டு மடங்கைத் தாண்டும்.

கடலின் மேற்பரப்பு ஒரு திடமான சுவராக இருந்திருந்தால் கதை சுலபம். ஆற்றல் செலவாகும் வீதம் உராய்வு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், ஆழத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். மேலே சொன்ன காற்றுக்கு 10 மீட்டர் ஆழத்தில் கிலோவுக்கு 5 × 10⁻⁷ வாட் அளவில் வரும். ஆழ்கடலின் உட்பகுதியில் சாதாரணமாகக் காணப்படும் 10⁻¹⁰ முதல் 10⁻⁹ வரையான மதிப்போடு ஒப்பிட்டால் இது பல நூறு முதல் சில ஆயிரம் மடங்கு. பல ஆண்டுகள் இந்தச் சுவர் விதியே போதும் என்று நம்பினார்கள். ஒன்டாரியோ ஏரியில் நிறுத்திய ஒரு கோபுரத்திலிருந்து, பரப்புக்கு மிக அருகே எடுத்த அளவீடுகள் 1990-களின் தொடக்கத்தில் வெளியானபோது, சுவர் விதி சொல்வதைவிடப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு வரை அதிகமாக ஆற்றல் செலவாவது தெரிந்தது. காரணம், அலை உடைவது.

காற்று தரும் உந்தத்தில் பெரும்பகுதி நேராக நீரோட்டத்துக்குள் போவதில்லை. முதலில் அலைக்குள் போகிறது. அலை அதைத் தொலைவுக்குக் கொண்டுபோவது சொற்பம். மீதி அங்கேயே, அலை உடையும்போது நீருக்குள் இறங்குகிறது. விநாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் காற்றிலேயே ஆங்காங்கே வெண்நுரை தெரியத் தொடங்கும். 10 மீட்டரில் கடற்பரப்பில் சுமார் 1 சதவீதம் நுரையாக இருக்கும். இந்த வழியில் இறங்கும் ஆற்றலை உராய்வு வேகத்தின் மூன்றாம் அடுக்கை நீரின் அடர்த்தியாலும் நூறாலும் பெருக்கி மதிப்பிடுவது வழக்கம். நம் காற்றுக்கு அது சதுர மீட்டருக்கு 0.2 வாட் அளவு.

நூறு மடங்கு என்றதும் இதுதான் கடலையே கலக்கிவிடும் என்று தோன்றும். இங்கேதான் ஆழம் குறுக்கே வருகிறது. அந்த ஆற்றலில் ஏறத்தாழ பாதி, குறிப்பலை உயரத்தில் (உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம்) 0.6 பங்கு ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. அதாவது 2 மீட்டர் குறிப்பலை உயரம் இருந்தால் மேலே உள்ள 1.2 மீட்டருக்குள். அதற்குக் கீழே செலவு வீதம் ஆழத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகச் சரிகிறது, சுவர் விதியைவிட மிக வேகமாக. உடையும் அலை குமிழிகளைக் கீழே தள்ளுகிறது, வாயுப் பரிமாற்றத்தைத் தீர்மானிக்கிறது, எண்ணெய்ப் படலத்தைச் சிறு துளிகளாகச் சிதைக்கிறது. மேல்மீட்டர்கள் அதன் ராஜ்யம். 40 மீட்டரில் இருக்கும் குளிர்நீரை மேலே இழுக்க அதனால் நேரடியாக முடியாது.

அப்படியானால் மேல்நீரை அதற்கும் கீழே கொண்டுபோவது எது? இதற்கான பதிலில்தான் அலையும் காற்றும் உண்மையிலேயே கைகோக்கின்றன.

1927-இல் அட்லான்டிக்கைக் கடந்த வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், சர்காசம் கடற்பாசி காற்றின் திசையிலேயே நீண்ட வரிசைகளாக ஒழுங்குபட்டுக் கிடப்பதைக் கவனித்தார். காற்று திடீரெனத் திசை மாறியபோது சுமார் 20 நிமிடங்களில் வரிசைகளும் புதிய திசைக்கு மாறிக்கொண்டன. பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் சோதனைகள் செய்து 1938-இல் விளக்கம் வெளியிட்டார்: பாசி கிடக்கும் கோடுகளில் நீர் இருபுறமிருந்தும் வந்து சேர்ந்து கீழே இறங்குகிறது, கோடுகளுக்கு நடுவே மேலே ஏறுகிறது. காற்றின் திசையில் படுத்திருக்கும் நீண்ட உருளைச் சுழல்கள், ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராகச் சுற்றுகின்றன. காற்று வீசும் நாளில் உயரமான இடத்திலிருந்து நீர்ப்பரப்பைப் பார்த்தால், நுரையும் இலைதழையும் கோடுகோடாகச் சேர்ந்திருப்பதும் நடுவில் நீர் வெறுமையாகத் தெரிவதும் கண்ணுக்குப் படும். கோடுகளின் இடைவெளி சில மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்கு மேல்கூடப் போகும். சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகள் ஒரே சமயத்தில் இருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கான கணக்கை 1976-இல் கிரெய்க், லெய்போவிச் இருவரும் தந்தார்கள். அதற்கு அலையின் ஒரு சின்னக் குணம் தேவை. நீர்த்துளி வட்டமடித்துத் திரும்புகிறது என்று சொன்னேன். உண்மையில் முழுதாகத் திரும்புவதில்லை. வட்டத்தின் மேற்பாதியில் கொஞ்சம் வேகமாக முன்னே போகிறது, கீழ்ப்பாதியில் கொஞ்சம் மெதுவாகப் பின்னே வருகிறது. ஒவ்வொரு அலைக்கும் சிறிது முன்னேற்றம் மிஞ்சுகிறது. 1847-இல் ஸ்டோக்ஸ் கண்டுசொன்ன இந்த நகர்வு, மேலே சொன்ன 8 விநாடி அலைக்குப் பரப்பில் விநாடிக்கு 5 செ.மீ. 8 மீட்டர் ஆழத்தில் அதுவே 1.8 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். மேலே அதிகம், கீழே குறைவு என்ற இந்த வேறுபாடுதான் முக்கியம்.

இப்போது படிப்படியாகப் பாருங்கள். பரப்பில் ஏதோ ஒரு கோட்டில் நீரோட்டம் பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கோட்டின் இருபுறமும் நிற்கும் திசையில், அதாவது செங்குத்து அச்சில், மெல்லிய சுழற்சி இருக்கும், இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் எதிராகவும். ஸ்டோக்ஸ் நகர்வு மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் இருப்பதால், நிமிர்ந்து நிற்கும் அந்தச் சுழற்சியின் தலையை முன்னே சாய்க்கிறது. சாய்ந்த சுழற்சி காற்றின் திசையில் படுக்கிறது. இருபுறமும் எதிரெதிராகச் சுழல்வதால், இரண்டும் சேர்ந்து பரப்புநீரை அந்தக் கோட்டை நோக்கி இழுத்துக் கீழே தள்ளுகின்றன. கோட்டை நோக்கிப் பரப்பிலேயே நகர்ந்து வரும் நீரை வழியெல்லாம் காற்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கோட்டை அடையும்போது அது இன்னும் வேகமாக இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த சிறு வேக வேறுபாடு இப்படித் தானாகவே வளர்கிறது. காற்று மட்டும் இருந்தாலும் நடக்காது, அலை மட்டும் இருந்தாலும் நடக்காது.

இறங்கும் வேகம் சாதாரணமாக விநாடிக்குச் சில செ.மீ. ஃப்ளிப் என்ற நிமிர்ந்து மிதக்கும் ஆய்வு மேடையிலிருந்து 1980-களில் அளந்தபோது 20 செ.மீ.க்கும் அதிகமான வேகங்கள் பதிவாயின. உடையும் அலை மேலே செலுத்திய குமிழியையும் கொந்தளிப்பையும் இந்த இறங்குகோடுகள் பிடித்துக்கொண்டு பத்து மீட்டருக்கும் கீழே கொண்டுபோகின்றன.

இந்தச் சுழல்கள் எவ்வளவு முக்கியம் என்று மதிப்பிட லாங்மியூர் எண் என்ற ஒன்று உண்டு: உராய்வு வேகத்தைப் பரப்பு ஸ்டோக்ஸ் நகர்வால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உள்ளூர்க் காற்றில் நன்கு வளர்ந்த கடலில் எல்லா அலைநீளங்களையும் கூட்டினால் பரப்பு நகர்வு காற்று வேகத்தில் 1 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும். எண் சுமார் 0.3 வரும். திறந்த கடலில் பெரும்பாலும் இதையொட்டிய மதிப்புதான். அந்த நிலையில் கலப்பு அடுக்குக்குள் (கலங்கிக் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்கும் மேல்நீர்) செங்குத்துக் கலப்பு, வெறும் காற்று இழுவையால் கிடைப்பதைவிட 2 அல்லது 3 மடங்கு வலுப்பெறுவதாகக் கணினிப் பாவனைகளிலிருந்து பெற்ற வாய்பாடுகள் சொல்கின்றன. எண் 1-ஐத் தாண்டினால் அலையை மறந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: தொலைதூரப் புயலிலிருந்து வரும் நீண்ட அலை காற்றுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தால், அதன் உயரத்தை அப்படியே இந்தக் கணக்கில் போடக் கூடாது. காற்று ஓய்ந்த கடலில் அந்த அலை மட்டும் மிச்சமிருந்தால் எண் மிகச் சிறியதாக வந்து, பிரமாதமான கலக்கம் இருப்பதுபோலக் காட்டும். உராய்வு வேகமே இல்லாதபோது சாய்ப்பதற்குச் சுழற்சியும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கலப்பு அடுக்குக்கு உள்ளே நடப்பது. அடுக்கின் அடியில், சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் இடத்தில், ஆட்டமே வேறு. அங்கே கனமான நீரைத் தூக்கி மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு மேலடுக்கு கீழடுக்கின் மீது போதிய வேகத்தில் வழுக்கிச் செல்ல வேண்டும். அடர்த்தி அடுக்கமைவின் (ஆழத்தோடு நீர் கனமாகும் அளவின்) வலிமையை, ஆழத்தோடு வேகம் மாறும் வீதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது ரிச்சர்ட்சன் எண். அது கால்பங்குக்கு, அதாவது 0.25-க்குக் கீழே இறங்கினால்தான் அடுக்கு உடைந்து சுழலத் தொடங்கும். வெப்பமான கடலில் 10 மீட்டர் இடைவெளியில் 1 டிகிரி வித்தியாசம் இருக்கிறது என்றால், அதை உடைக்க அதே 10 மீட்டரில் விநாடிக்குச் சுமார் 34 செ.மீ. வேக வித்தியாசம் வேண்டும்.

விநாடிக்கு 10 மீட்டர் காற்று 30 மீட்டர் தடிமனான அடுக்கை ஆறு மணி நேரம் தள்ளினால் கிடைப்பது 11 செ.மீ. வேகம். உடையாது. 20 மீட்டர் காற்று அதே நேரத்தில் அதே அடுக்குக்கு 60 செ.மீ. வரை கொடுக்கும். தாராளமாக உடையும். இடையிலுள்ள காற்றுகளில் விஷயத்தைத் தீர்மானிப்பது பூமியின் சுழற்சி. தள்ளப்பட்ட நீர் வடகோளத்தில் வலமாக வளைந்து வட்டமடிக்கிறது. ஒரு வட்டத்துக்கு 15 டிகிரி அட்சத்தில் 46 மணி, 30 டிகிரியில் 24 மணி, 45 டிகிரியில் 17 மணி ஆகும். காற்றும் அதே திசையில் அதே வேகத்தில் திரும்பினால் ஒவ்வொரு கணமும் நீரை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும், வேகம் ஏறிக்கொண்டே போகும். எதிர்த்திசையில் திரும்பினால் தான் கொடுத்ததைத் தானே பறித்துக்கொள்ளும். நகரும் புயலின் வலப்பக்கத்தில் (தென்கோளத்தில் இடப்பக்கத்தில்) கடல் அதிகமாக, பல டிகிரி வரை குளிர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு கீழிருந்து கலந்து வந்த நீரால் வருவது. காற்றுக்குப் பறிகொடுத்த வெப்பத்தின் பங்கு குறைவு.

எதிரணியில் நிற்பது வெயில். பரப்பில் சதுர மீட்டருக்கு நிகரமாக 200 வாட் வெப்பம் சேர்ந்துகொண்டிருந்தால், மேல்நீர் லேசாகி, கீழே போக மறுக்கிறது. காற்றின் கலக்கமும் வெயிலின் எதிர்ப்பும் சமமாகும் ஆழத்தை ஒபுகோவ் நீளம் என்பார்கள். வெப்பக்கடலில் விநாடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு அது சுமார் 32 மீட்டர் ஆழம். காற்று 5 மீட்டராகக் குறைந்தால் 3 மீட்டர்! காற்று பாதியானதும் ஆழம் பத்தில் ஒன்றாகிறது. நண்பகலில் காற்று தணிந்த கடலில், மேலே சில மீட்டர் மட்டும் தனியாகச் சூடேறி, கீழே உள்ள நீர் காற்றையே உணராமல் இருப்பது இதனால்தான். இரவில் கணக்கு தலைகீழ். 150 வாட் வெப்ப இழப்பு இருந்தால் 50 மீட்டர் அடுக்கில், குளிர்ந்து கனத்த நீர் விநாடிக்கு ஏறத்தாழ 1.8 செ.மீ. வேகச் சுழல்களாகத் தானே இறங்கும். காற்றே இல்லாவிட்டாலும் இது 10 மீட்டர் காற்றின் உராய்வு வேகத்துக்கு மேல். இரவுத் தரவைக் காற்றோடு மட்டும் ஒட்டவைத்துப் பார்ப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

இன்னொரு சறுக்கல் வெப்பநிலைப் படத்தைப் படிப்பதில் வரும். 10 மீட்டரில் இருப்பதைவிட 0.2 டிகிரி மாறும் ஆழத்தைக் கலப்பு அடுக்கின் அடி என்று கொள்வது ஒரு வழக்கம். அது 60 மீட்டர் என்று வந்தால் இப்போது 60 மீட்டர் வரை கலங்குகிறது என்று பொருளில்லை, அண்மையில் எப்போதோ கலங்கியது என்றுதான் பொருள். காற்று நின்றதும் கொந்தளிப்பு மிக விரைவில் சாகும். 30 மீட்டர் அடுக்கை 1.2 செ.மீ. உராய்வு வேகத்தால் வகுத்தால் 2500 விநாடி, சுமார் 40 நிமிடம். வெப்பநிலைச் சுவடோ மறுநாளும் இருக்கும்.

கொந்தளிப்பை நேராக அளப்பது தனிச் சிரமம். மெல்லிய முனையுள்ள ஷியர் உணரிகளை (நீரின் நுண்ணிய வேக மாற்றங்களை உணர்பவை) தாங்கிய கருவியை விநாடிக்கு முக்கால் மீட்டர் அளவு வேகத்தில் தங்குதடையின்றி விழவிட்டு, விநாடிக்குப் பல நூறு முறை பதிவெடுப்பார்கள். மிகச்சிறு சுழலின் அளவு, கிலோவுக்கு 10⁻⁶ வாட் செலவில் 1 மில்லிமீட்டர், 10⁻⁹-இல் 5 அல்லது 6 மில்லிமீட்டர். ஆகவே கலக்கம் பலமாக உள்ள இடத்தில் உணரியின் முனையே பெரிதாகிவிடுகிறது, திருத்தம் போடாவிட்டால் மதிப்பு குறைவாக வரும். கப்பலிலிருந்து விழவிட்டால் மேலே 5 முதல் 10 மீட்டர் வரை கப்பல் கலக்கிய நீர். அலைக் கொந்தளிப்பைத் தேடுபவருக்கு வேண்டியதோ அதே 10 மீட்டர்தான். கீழிருந்து மேலே மிதந்தேறும் கருவிகளைப் பயன்படுத்துவது அதனால்தான். நிலையான தூணில் வேகமானியைக் கட்டினால் 80 செ.மீ. வட்ட ஓட்டத்துக்குள் 1 செ.மீ. கொந்தளிப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். அலை அதிர்வெண்களை விட்டுவிட்டு, அதற்கு மேலே நிறமாலை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடம்) மைனஸ் 5/3 சரிவில் விழும் பகுதியை மட்டும் எடுத்து, அலை சுழல்களை முன்னும் பின்னும் அசைப்பதற்கும் திருத்தம் செய்ய வேண்டும். கொந்தளிப்பு விட்டுவிட்டு வெடிப்பது. ஓரிரண்டு வெடிப்புகளே சராசரியின் பெரும்பகுதியைச் சுமக்கும் என்பதால் ஒரே ஒரு இறக்கத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. செலவு வீதத்தை அடுக்கமைவால் வகுத்து 0.2-ஆல் பெருக்கிக் கலப்புக் குணகம் காணும் வாய்பாடு, தெர்மோகிளைனில் (ஆழத்தோடு வெப்பநிலை வேகமாகக் குறையும் அடுக்கில்) நன்றாக வேலை செய்யும். கலப்பு அடுக்குக்குள் அடுக்கமைவு பூஜ்யத்தை நெருங்குவதால் விடை கண்டபடி வீங்கும்.

அளவுக்கருவி இல்லாமல் காற்றுத் தரவு மட்டும் கையில் இருப்பவர்களுக்கு ஒன்று. மாதச் சராசரிக் காற்றை எடுத்து மூன்றாம் அடுக்காக்காதீர்கள். பாதி நேரம் காற்றே இல்லை, மீதி நேரம் 10 மீட்டர் என்றால் சராசரி 5, அதன் மூன்றாம் அடுக்கு 125. உண்மையான மூன்றாம் அடுக்குகளின் சராசரி 500. நான்கில் மூன்று பங்கு ஆற்றல் கணக்கிலிருந்தே காணாமல் போகும். ஆறு மணிக்கு ஒருமுறை கிடைக்கும் தரவு பெரும்பாலும் போதும். உயர் அட்சங்களில் வட்ட ஓட்டத்தின் காலம் 12 மணியை நெருங்குவதால் அங்கே மூன்று மணித் தரவு நல்லது. கணினி மாதிரியில் மேலடுக்கின் தடிமன் 10 மீட்டர் என்றால் ஸ்டோக்ஸ் நகர்வின் சரிவில் பெரும்பகுதி அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும், லாங்மியூர் விளைவைத் தனி வாய்பாடாகத்தான் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காத பல காலநிலை மாதிரிகளில், ஓயாத காற்றும் பேரலையும் உள்ள தென்பெருங்கடலின் கோடைக் கலப்பு அடுக்கு, உண்மையில் இருப்பதைவிட ஆழம் குறைவாக வந்துகொண்டிருந்தது. சேர்த்த பிறகு பிழை குறைந்தது, முழுதாகத் தீரவில்லை.